பொக்லைனுக்குப் பல் பார்த்த நாள்

தரகர் மாரப்பன் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, பொக்லைன் வண்டியின் பக்கெட்டில் பல் எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பல்லையும் கட்டைவிரலால் நெருடினார். பிறகு எழுந்து வண்டியின் பின்பக்கம் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் இடுப்பைப் பார்த்தார்.

“அஞ்சு பல்லும் முழுசா இருக்குது மாப்ளே. சுழி சுத்தம். கண்ண மூடிக்கிட்டுப் புடிச்சுக்கிட்டுப் போலாம்” என்றார் என் வீட்டுக்காரரிடம்.

பொக்லைனுக்குச் சுழி எங்கே இருக்கும் என்று கேட்க எனக்கு ஆசைதான். ஆனால் நான் கேட்கிற ஆள் இல்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வண்டியின் முன்பக்கெட் மறைவில் நின்றிருந்தேன். பழைய வண்டி விற்கிற யார்டில் கூச்சப்பட்டவள் நிற்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே நின்றால் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

புதுச்சத்திரம் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது அந்த யார்டு. புரட்டாசிக் கடைசி. காலையில் பெய்த தூறலில் செம்மண் குழைந்து செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. நனைந்த இரும்பும் டீசலும் சேர்ந்த ஒரு வாசம். எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமைக்குள்

எங்கள் நாலு தறிகளையும் விற்ற கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். விற்றதே இப்படி ஒரு வண்டி வாங்கத்தான்.

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடமாக, போர் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். ஆயுத பூஜை முடிந்து வண்டி வடக்கே கிளம்பினால், அவர் வெண்ணந்தூருக்குத் திரும்பி வர ஆடி பிறந்துவிடும். அதுவரைக்கும் சத்தீஸ்கரோ மத்தியப் பிரதேசமோ, எங்கே தண்ணீர் இல்லையோ அங்கே இருப்பார். இந்த ஓட்டம் போதும், ஒரு பழைய பொக்லைன் வாங்கி ஊரிலேயே மண் வேலை பார்க்கலாம் என்று அந்த வருடம் முடிவு செய்தோம். வடக்கே சும்மா கிடந்த நாட்களில் பக்கத்தில் மண் அள்ளிய ஆட்களோடு பழகி, பொக்லைன் ஓட்டவும் கற்றுவைத்திருந்தார்.

அந்த முடிவில் ஒரு கொக்கி இருந்தது. ரிக் வண்டி அடுத்த திங்கட்கிழமை கிளம்புகிறது. அதற்குள் பொக்லைன் அமைந்தால் அவர் இருப்பார். அமையாவிட்டால் போவார். டிரில்லர் இடம் காலியாகக் கிடக்காது. முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

நாங்கள் யார்டுக்குப் போனது வியாழக்கிழமை.

அதற்கு முன்னால் ஆறு வண்டி பார்த்தாயிற்று. ஒன்றுக்கு இன்ஜின் இருந்தது, ஆர்.சி. புத்தகம் இல்லை. ஒன்றுக்குப் புத்தகம் இருந்தது, இன்ஜின் இல்லை. ஆத்தூர்ப் பக்கம் ஒன்றுக்கு இரண்டும் இருந்தன. நாங்கள் போன அன்று காலையில்தான் அதை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போயிருந்தார். மற்ற மூன்றைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே அவற்றுக்கு மரியாதை.

ரெண்டு ஈத்து வண்டி

மாரப்பண்ணன் அடிப்படையில் மாட்டுத் தரகர். முப்பது வருடம் சந்தையில் மாடு பிடித்துக் கொடுத்தவர். உழவு மாடு குறைந்து டிராக்டர் பெருத்தபோது, அவரும் டிராக்டருக்கு மாறினார். பிறகு லாரி, கம்ப்ரசர், பொக்லைன் என்று வளர்ந்தார். தொழில்தான் மாறியது. பேச்சு மாறவில்லை.

இரண்டு கை மாறிய வண்டியை, இரண்டு கன்று போட்ட மாட்டைப்போல “ரெண்டு ஈத்து” என்பார். டீசல் அதிகம் குடிப்பது “வாய் பெருத்தது”. உடைத்து இரும்புக்குப் போட வேண்டியது “அடிமாடு”. ஒரு டிராக்டரை அவர் முதுகில் தட்டி “ஹை” என்று நகரச் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன்.

விலையும் சந்தை முறைப்படிதான் பேசுவார். தோள் துண்டை எடுத்து விரித்துத் தன் கை மேல் போட்டுக்கொள்வார். வாங்குகிறவர் துண்டுக்கு அடியில் கையை விட வேண்டும். விரலைப் பிடித்து, மடக்கி, அழுத்திக் காட்டுவதுதான் விலை. சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

என் வீட்டுக்காரருக்கு இந்த முறை ரொம்பப் பிடிக்கும். காரணம் இருக்கிறது. அவருக்குக் காது மந்தம். இருபத்திரண்டு வருடம் கம்ப்ரசர் பக்கத்தில் நின்றால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். எதிரே நிற்கிறவர் கத்தினால் பாதி கேட்கும். போனில் சுத்தமாகக் கேட்காது. காதுக்கு வாங்கிய மிஷின் வீல் வீல் என்று கூவுகிறது என்று, டப்பாவுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. துண்டுக்குள் கையை விட்டுவிட்டால் காது எதற்கு?

மூன்று டீ

யார்டுக்காரர் கரீம் பாய், சேலத்துக்காரர். அதிகம் பேசாதவர். வண்டி ஓடிய நேரம் காட்டும் மணி மீட்டரை என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தபோது, “அத பாக்காதீங்கண்ணே. அது எப்பவோ நின்னு போச்சு. அது காட்டறத நம்புனா வண்டி நேத்துப் பொறந்ததாயிடும்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே மாரப்பண்ணனைப் பார்த்தார்.

“சூடா இருக்குது.”

“வெயிலுங்க மாப்ளே” என்று மாரப்பண்ணன் கத்திச் சொன்னார்.

வானத்தில் ஒரு பொட்டு வெயில் இல்லை. நாங்கள் வருவதற்குள் ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். சூடான இன்ஜின் எல்லாம் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும். ஆறிப்போனதைத் தட்டினால்தான் அதன் சீக்கு தெரியும்.

“ஆறட்டும்” என்று சொல்லிவிட்டு, அங்கே கிடந்த டயர் மேல் என் வீட்டுக்காரர் உட்கார்ந்துகொண்டார்.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். பாய் மூன்று முறை டீ வரவழைத்தார். மாரப்பண்ணன் மூன்று முறையும் பானெட்டைத் தொட்டுப் பார்த்து, “ஆறீருச்சு” என்றார். மூன்றாவது முறை உண்மையிலேயே ஆறியிருந்தது.

என் வீட்டுக்காரர் தட்டினார். பிடித்துக்கொண்டது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று பார்த்தார். எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்தார். ஓஸ் ஒவ்வொன்றையும் தடவி, கசிகிறதா என்று கையைப் பார்த்தார். ரிக் வண்டிக்காரர்களுக்கு இன்ஜின்தான் உயிர். இன்ஜின் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் துணிமணி மாதிரி.

கடைசியில் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மண் தோண்டுகிற பின்பக்கத்துக் கையை இரண்டு தடவை தூக்கினார், இறக்கினார், மடக்கினார். அவ்வளவுதான். இறங்கி வந்தபோது அவர் முகத்தில், ஆறு வண்டி பார்த்தபோது இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

ஆனால் அந்தக் கையைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் எனக்கு ஒரு சத்தம் கேட்டிருந்தது.

உதட்டுப் பேச்சு

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்குப் பதினைந்து வயதில், பத்தாவது முடித்த கையோடு, குமாரபாளையத்தில் தறிப்பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். ஒரே கூரைக்குக் கீழே இருபத்து நாலு விசைத்தறி. அந்தச் சத்தத்தில் கத்தியும் பயன் இல்லை. கத்துகிறவள் வேலைக்குப் புதுசு என்று அர்த்தம். பழகினவர்கள் குரலே எழுப்பாமல், உதட்டை மட்டும் பெரிதாக அசைத்துப் பேசுவார்கள். நாலு தறி தள்ளி நிற்கிறவளிடம், முதலாளியின் புதுச்சட்டையைப் பற்றி, முதலாளி முன்னாலேயே பேசலாம்.

சத்தம் போட்டுப் பேச வராத எனக்கு அது பெரிய வசதி. இன்னொன்றும் அங்கே பழகியது. இரைச்சலுக்கு அடியில் இருக்கிற சின்னச் சத்தத்தைப் பிரித்துக் கேட்பது. தறியில் ஒரு மூட்டு தேய்ந்தால், ஒரு தட்டு தட்டுகிற இடத்தில் இரண்டு கேட்கும். முதல் தட்டு வேலையுடையது. ஒட்டிக்கொண்டு வரும் இரண்டாவது தட்டு தேய்மானத்துடையது. அதைக் கேட்டதும் தறியை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு நெய்தது எல்லாம் கழிவு.

கல்யாணமாகிச் சில வருடத்தில் அவருக்குக் காது மங்கியது. வேறு யார் பேசினாலும் திணறுகிறவர், என் உதட்டை மட்டும் எழுத்துக் கூட்டாமல் படித்துவிடுவார். சத்தமே இல்லாமல் நாங்கள் குடும்பம் நடத்தியிருக்கிறோம்.

ஒரே ஒரு தொல்லை. ரிக் வண்டியில் ஒருவர் சொன்னதை அடுத்தவர் திருப்பிச் சொல்ல வேண்டும். “ராடு இறக்கு” என்றால் “ராடு இறக்கறேன்” என்று கத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் யார் கையாவது போய்விடும். அந்தப் பழக்கம் அவருக்கு ஊறிவிட்டது. நான் சத்தமில்லாமல் சொல்வதை எல்லாம் அவர் சத்தமாகத் திருப்பிச் சொல்வார்.

இராசிபுரத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். மேடையைப் பார்த்து, மாப்பிள்ளையின் தலைமுடியைப் பற்றி அவரிடம் உதட்டால் ஒன்று சொன்னேன். நாதஸ்வரம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது.

“ஒட்ட வெச்சதா?” என்றார் இவர்.

மண்டபம் முழுவதும் மாப்பிள்ளையைப் பார்த்தது. மாப்பிள்ளை தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் இரண்டு வருடம் எந்தக் கல்யாணத்திலும் நான் இவர் பக்கத்தில் உட்காரவில்லை.

துண்டுக்குள் கை

மாரப்பண்ணன் துண்டை விரித்துவிட்டார். என் வீட்டுக்காரரின் கை உள்ளே போய்விட்டது. துண்டு மெல்ல அசைந்தது. பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் நாகரிகம்.

நான் பக்கெட் மறைவில் தவித்துக்கொண்டிருந்தேன். சொல்லாவிட்டால், தறி விற்ற காசெல்லாம் ஒரு தேய்ந்த கைக்குள் போய்விடும். சொன்னால் இந்த வண்டி இல்லை. இந்த வண்டி இல்லையென்றால் திங்கட்கிழமை அவர் இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் அவர் வீட்டில் இருப்பார். எனக்கு அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்ளத்தான் ஆசையாக இருந்தது. வாழ்க்கை முழுக்க அதைத்தானே செய்திருக்கிறேன், இன்னும் ஒரு தடவை செய்தால் என்ன என்று தோன்றியது.

ஆனால் தறிக்காரிக்கு இரண்டாவது தட்டைக் கேட்டுவிட்டுச் சும்மா நிற்க முடியாது. அவர் தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தார். என் உதடு தானாக அசைந்தது. கை ஆடுகிறது, மூட்டு தேய்ந்திருக்கிறது, விலை முடிக்காதீர்கள் என்றது.

“மூட்டு தேஞ்சிருக்குதா? முடிக்க வேண்டாமா?” என்றார் அவர், யார்டு முழுவதும் கேட்கும்படி.

துண்டு அசைவது நின்றது. பாய் திரும்பினார். மாரப்பண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கெட் மறைவை எட்டிப் பார்த்தார். அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன்.

“அம்மிணி சொல்லுச்சா? சத்தமே வரலையே.”

எனக்குக் காது நுனி வரை சூடேறியது.

“அம்மிணி, இது தறி இல்ல சாமி. மண்ணு அள்றது. கொஞ்சம் ஆடத்தான் ஆடும். மாடு நடந்தா திமில் ஆடறதில்லையா?”

“திமில் ஆடுனா சரிங்கண்ணா. கால் முட்டி ஆடக் கூடாதுங்களே” என்றேன். குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

பாய் சிரித்துவிட்டார். “அம்மா, எந்த எடம்னு காட்டுங்க” என்றார்.

பின்பக்கத்துப் பக்கெட்டும் கையும் சேர்கிற இடத்தைக் காட்டினேன். அங்கே உள்ளே ஓர் இரும்புத் தண்டு இருக்கும், பின் என்பார்கள். அதைச் சுற்றி ஒரு வளையம், புஷ். தினமும் கிரீஸ் வைக்காவிட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அந்த மூட்டில் புதுப்பெயின்ட் அடித்து, பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் பூசுவதுபோல கிரீஸை அப்பியிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் மேலே ஏறி, பக்கெட்டைத் தரையில் ஊன்றினார். பாய் கிரீஸை வழித்துவிட்டு, மூட்டில் தெரிந்த மெல்லிய இடுக்கில் ஒரு தீக்குச்சியை நிறுத்தி வைத்தார். குச்சி உள்ளே போகாமல் நின்றது.

“தூக்குங்கண்ணே, மெதுவா” என்று கையால் காட்டினார்.

கை மேலே எழும்பியது. பக்கெட் உடனே எழும்பவில்லை. ஒரு கணம் யோசித்துவிட்டு, டொக் என்று பின்னால் வந்தது. அந்த ஒரு கணத்தில் இடுக்கு வாயைத் திறந்து தீக்குச்சியை விழுங்கிவிட்டது.

மாரப்பண்ணன் இடுக்கையே பார்த்தார். “இது வண்டியக் குடுத்தவன் பண்ணுன வேலைங்க. நான் பல்லத்தான் பாத்தேன்” என்றார். அது உண்மை. அவர் பல்லை ஐந்து முறை பார்த்தார்.

பாய் எதையும் மறைக்கவில்லை. “குவாரிக்காரன் குடுத்துட்டு வேற வண்டி மாத்திக்கிட்டுப் போனது. நானும் பெயின்டப் பாத்து ஏமாந்துட்டேன். என் செலவுல எல்லா மூட்டையும் பிரிச்சு, புதுசு போட்டுத் தரேன். அதுக்கப்புறம் புடிச்சிருந்தா எடுங்க. லேத்துக்காரன்ட்ட கேட்டுட்டு வரேன்” என்று போனை எடுத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போனார். மாரப்பண்ணனும் பின்னாலேயே போனார். அந்த நேரத்தில் எங்காவது போய்விடுவது அவருக்கும் நல்லதாக இருந்தது.

சீட்டில் தெரிந்தது

நாங்கள் இரண்டு பேரும் டயர் மேல் உட்கார்ந்தோம்.

“எனக்கும் தெரிஞ்சுது புள்ள” என்றார். மெதுவாகச் சொல்வதாக அவர் நினைப்பு. நெடுஞ்சாலை வரை கேட்டிருக்கும். “சீட்டுல உக்காந்தப்பவே இடுப்புல வந்து இடிச்சுது.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தெரிந்துமா விலை பேசினீர்கள் என்று கேட்டேன்.

“தெரிஞ்சும்தான். வாங்கீட்டா இங்கியே இருந்துக்கலாமில்ல.”

சொல்லிவிட்டு, செருப்பில் ஒட்டிய செம்மண்ணை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். வடக்கே போவது அவருக்குப் பழகிவிட்டது, போனால் வீட்டை மறந்துவிடுகிறார் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தவள் நான். ஒவ்வொரு வருடமும் பையைத் தூக்கிக்கொண்டு அவர் திரும்பிப் பார்க்காமல் போவார். திரும்பிப் பார்க்காததற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. நானும் போக வேண்டாம் என்று ஒரு வருடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

பாய் வந்தார். “ஆயுத பூஜைக்கு லேத்தெல்லாம் சாத்திட்டாங்கண்ணே. தொறந்தாலும் வேலை குவிஞ்சு கெடக்குது. இருபது நாள் ஆகும்ங்கறான்” என்று விரலை மடக்கி மடக்கிக் காட்டினார்.

இருபது நாள். திங்கட்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் குச்சியைப் போட்டுவிட்டு எழுந்தார். “செரி. பத்து மாசந்தான? ஓடிப்போயிரும். முதலாளிக்குப் போன் போட்டு, நான் வாரேன்னு சொல்லிப்போடு புள்ள.”

அவருக்கு வேண்டிய போன்களை நான்தான் பேசுவேன். பேசுவேன் என்றால், “ஆமாங்க”, “செரிங்க”, “சொல்றனுங்க” என்ற மூன்று வார்த்தைகள். இத்தனை வருடத்தில் நாலாவது வார்த்தை எனக்குத் தேவைப்பட்டதில்லை.

போட்டேன். நான் என்ன பேசுகிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, அவருக்கு நேராகத் திரும்பி நின்றுகொண்டேன்.

“முதலாளிங்களா? வெண்ணந்தூர் டிரில்லர் ஊட்டுல இருந்து பேசறனுங்க.”

“சொல்லம்மா. திங்கக்கெழம வெள்ளென கெளம்பறம். அவன ஞாயித்துக்கெழமயே வரச் சொல்லீரு.”

“அவரு வரலீங்க.”

“ஏன், ஒடம்புக்கு முடியலையா? அப்ப நாலு நாள் கழிச்சு ரயில்ல ஏத்தி உடு.”

“ஒடம்பெல்லாம் நல்லா இருக்குதுங்க. இனிமே வரமாட்டாருங்க.”

அந்தப் பக்கம் யாரோ இரும்பை அடிக்கிற சத்தத்துக்கு மேலே முதலாளி குரலை உயர்த்தினார்.

“ரோசன பண்ணித்தான் சொல்றியா? வேற ஆளப் போட்டேன்னா அப்பறம் எடமில்ல பாத்துக்க.”

“போட்டுக்கோங்க.”

என் வீட்டுக்காரர் என் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையை நீட்டிப் போனை வாங்கியிருக்கலாம். வேண்டாம் என்று தலையை ஆட்டியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. மறுபடி டயர் மேல் உட்கார்ந்துகொண்டார். அதுவரை அப்படி உடம்பைத் தளரவிட்டு உட்கார்ந்து அவரை நான் பார்த்ததில்லை.

போனைப் பைக்குள் வைத்தேன்.  வண்டி இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. புது மூட்டு போட்ட பிறகு எப்படி இருக்கும் என்பதும் தெரியாது. இருந்த ஒரு வேலையை நான் விட்டுக் கொடுத்துவிட்டேன்.

மாரப்பண்ணன்தான் முதலில் பேசினார்.

“என்னம்மிணி இப்படிப் பண்ணீட்ட? வண்டி வரதுக்கு இருபது நாளாகும். அதுவரைக்கும் மாப்ள என்னதான் பண்ணும்?”

“ஊட்டுல இருப்பாருங்க” என்றேன்.